ஊசியோடு கொடியும் வந்தபோது

கொரோனாத் தடுப்பூசியான கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 டோஸ் இருக்கும். ரப்பர் மூடியில் ஒருமுறை ஊசி ஏறிவிட்டால் 4 மணி நேரத்துக்குள் பத்தையும் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும்.

2021 ஏப்ரல் 19, திங்கட்கிழமை. எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஒரு வகுப்பறை. தடுப்பூசியைக் குளிராக வைத்திருக்கும் பெட்டியை, வேக்சின் கேரியரை, பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். வந்தது மூன்று பேர். பத்துப் பேர் சேராமல் குப்பியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. பதினோரு மணிக்கு ஒரு மதினி, "உலை வச்சிட்டு வந்திருக்கேன் தாயி" என்று எழுந்து போனார். சிறிது நேரத்தில் இன்னொருவரும் போனார். சர்க்கரை நோய் உள்ள ஒரு தாத்தா மட்டும் மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்காகத் திறந்து ஒன்பது டோஸைக் கொட்டினால் சாயங்காலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். "இன்னொரு நாள் வாங்க தாத்தா, ஆள் சேர்ந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மே மாதக் கடைசியில் அவர் கொரோனாவில் இறந்துபோனார்.

27 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றவள் நான். விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசு வேலையையும் தீப்பெட்டி வேலையையும் நம்பியிருக்கும் ஊர்கள் என் பொறுப்பில் இருந்தன. சுமார் 5,000 பேர். புதிதாகப் பணியில் சேர்ந்த பிள்ளைகள் இப்போதும் போன் பண்ணிக் கேட்கிறார்கள்: "அக்கா, ஊசி வேண்டாம்னு ஒரேயடியா நிக்கிறவங்ககிட்ட என்னதான் பேசுறது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. முதலில் சொல்ல வேண்டியது அந்தத் தாத்தாவைப் பற்றித்தான். ஒருவர் வந்தாலும் திறந்துவிடுங்கள். தட்டம்மை ஊசிக்கு ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறக்கச் சொல்லித்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனா நேரத்தில் கணக்குக்குப் பயந்து அதை நான் மறந்தேன். அந்த வருஷம் ஏப்ரல் 11 வரைக்குமான கணக்கில், தடுப்பூசியை அதிகம் வீணாக்கிய மாநிலம் தமிழ்நாடு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பதில் ஒன்று செய்தியானது. 12 சதவீதத்துக்கும் மேல். வீணாக்கியது நாங்கள் என்று படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். குப்பி திறந்திருக்க, ஆள் வராத நாட்கள்தான் அந்த 12 சதவீதம்.

ஏன் வரவில்லை? அன்றைக்கு எல்லோரும் சொன்ன காரணம் நடிகர் விவேக். ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து அதையேதான் சொன்னது. ஆனால் அந்த அறிக்கை வெளியே வந்தது அக்டோபரில். ஆறு மாசம். அதற்குள் வாட்ஸ்அப்பில் எத்தனை குரல் பதிவுகள் சுற்றியிருக்கும்!

விவேக் மேல் எல்லாப் பழியையும் போடுவது நியாயமில்லை. அவர் இறப்பதற்கு மூன்று மாசம் முன்னாலேயே எங்கள் ஊரில் ஊசிக்குக் கட்சி வந்துவிட்டது.

2021 ஜனவரி 3-ஆம் தேதி கோவிஷீல்டு, கோவேக்சின் இரண்டுக்கும் அனுமதி கொடுத்தார்கள். கோவேக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு அப்போது வெளிவந்திருக்கவில்லை. "சோதனை முறையில்" போடலாம் என்றுதான் அனுமதி, போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதைக் கேள்வி கேட்டவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்விதான் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். அதற்குக் கிடைத்த பதில், கேட்டவர்கள் எல்லாம் தேசத்துக்கு விரோதிகள் என்பதுபோல் இருந்தது. அனுமதிக்கு முதல் நாளே உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதி கட்சித் தலைவர் அகிலேஷ் யாதவ், பாஜகவின் தடுப்பூசியை எப்படி நம்புவது, நான் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தார். (ஜூனில், அவருடைய தந்தை முலாயம் சிங் போட்டுக்கொண்ட மறுநாள், தானும் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.) லக்னோவில் பேசியது எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்து சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஜனவரி 16-ல் முதல் ஊசி தொடங்கியபோது சுகாதாரத் துறை ஆட்களே தயங்கினோம். முதல் நாளில் தமிழ்நாட்டில் வந்தவர்கள் எண்ணிக்கை எதிர்பார்த்ததற்கு வெகு கீழே. நான் அந்த மாசக் கடைசியில் போட்டுக்கொண்டேன். ராத்திரி நல்ல காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலி.

ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். நான் அரசு வேலையில் இருந்தவள், கட்சிப் பெயர் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் மேலத்தெரு ஒரு கட்சி, கீழத்தெரு ஒரு கட்சி என்று தெரிந்துகொண்டால் போதும். மேலத்தெரு முக்கில் ஒரு டீக்கடை. கடைக்காரர் மேலத்தெருக் கட்சியின் கிளைச் செயலாளர், அது அப்போது எதிர்க்கட்சி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் பையோடு கடையைத் தாண்டும்போதெல்லாம் உரக்கச் சொல்வார்: "நர்ஸம்மா, அது மோடி ஊசி. முதல்ல அவுக கட்சிக்காரனுக்குப் பூராவும் போடுங்க. அவன் உசிரோட இருந்தா நாங்க வர்றோம்." கடையில் பத்துப் பேர் சிரிப்பார்கள். அந்தப் பத்துப் பேரும், அவர்கள் வீட்டில் இருக்கிற நாற்பது பேரும் வர மாட்டார்கள்.

சான்றிதழில் பிரதமர் படம் இருந்தது இதை இன்னும் கெடுத்தது. தேர்தல் நடந்த மாநிலங்களில் அந்தப் படத்தை எடுக்கும்படி தேர்தல் ஆணையமே மார்ச்சில் சொல்லவேண்டி வந்தது. "அந்தப் படம் போட்ட தாளு என் வீட்டுக்கு வரக் கூடாது" என்று ஒரு வாத்தியாரே என்னிடம் சொன்னார். அவரிடம் நான் வாதாடவில்லை. "தாள் வேண்டாம் சார். நீங்க ஊசி மட்டும் போட்டுக்கங்க, தேதியை நான் என் நோட்டுல எழுதி வச்சுக்கிறேன். ரெண்டாவது டோஸுக்கு நானே வந்து சொல்றேன்" என்றேன். வந்துவிட்டார். கேரளத்தில் ஒருவர் இதே படத்துக்காக உயர் நீதிமன்றம் போய், டிசம்பரில் மனு தள்ளுபடியாகி, தனி நீதிபதி 1 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டார் என்று பிறகு படித்தேன். அவர் நம் ஊர்க்காரராக இருந்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் முடிந்திருக்கும் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்தல் முடிவு மே 2. ஏழாம் தேதி புதிய ஆட்சி. அந்த மாசம் எப்படி இருந்தது என்று இருந்தவர்களுக்குத் தெரியும். 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் தொற்று. என் ஊர்களில் மட்டும் பதினோரு சாவு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தெருவே கதவைச் சாத்தும். அப்போது ஆட்கள் வந்தார்கள், விடிகாலையிலேயே பள்ளிக்கூட வாசலில் வரிசை. ஆனால் மருந்து இல்லை. மூன்றரைக் கோடி டோஸுக்கு மாநில அரசு உலக டெண்டர் விட்டும் ஒரு நிறுவனமும் வரவில்லை. செங்கல்பட்டில் கட்டிவைத்திருந்த தடுப்பூசித் தொழிற்சாலை ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் கிடந்தது. வாரம் ஒருநாள் 50 டோஸ், சில வாரம் 30 டோஸ் வரும். "அன்னைக்கு வீட்டு வாசல்ல வந்து கெஞ்சினீங்க. இன்னைக்கு நாங்க வந்தா இல்லைங்கிறீங்க" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய மாமியார் அப்போது மூச்சுத்திணறலோடு வீட்டில் கிடந்தார்.

மனசு மாறுகிற நேரம் குறுகியது. அந்த நேரத்தில் கேரியரில் மருந்து இல்லையென்றால், திரும்பவும் மனசு மாற மாசக்கணக்காகும். மேலே திட்டம் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு வரியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் டோக்கன் முறை வந்தது. கொடி மறுபடியும் உள்ளே வந்தது அப்போதுதான், இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து. அண்ணாச்சியின் கட்சி இப்போது ஆளுங்கட்சி. ஊசி போடச் சொல்லி அவர்களுடைய தலைவர்களே பேசுகிறார்கள். அண்ணாச்சி பள்ளிக்கூட வாசலில் பத்தடிக்குப் பேனர் வைத்தார். தலைவர் படம், அமைச்சர் படம், கீழே வரிசையாக ஒன்றியம், கிளை, அவர் படம். வரிசையை ஒழுங்குபடுத்தக் கட்சிக்கரை வேட்டியில் நாலு பையன்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைக்குக் கீழத்தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. டோக்கனெல்லாம் மேலத்தெருவுக்கே போகிறது என்று பேச்சு. நாலு நாளில் அது, "மேலத்தெருவுக்கு நல்ல மருந்து, நமக்கு மிச்சம் மீதி" என்று ஆனது. பிறகு, "தேர்தல்ல தோத்தவனுக்கு என்ன ஊசி போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்" என்று ஆனது. ஜனவரியில் மேலத்தெருவில் நான் கேட்ட அதே பேச்சு. வாய்தான் வேறு.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஜனவரியிலிருந்து நான், இவர்களுக்கு அறிவியல் புரியவில்லை, ஆர்.என்.ஏ. என்றால் என்ன, எதிர்ப்புச் சக்தி என்றால் என்ன என்று விளக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். யாரும் மருந்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. மருந்தோடு யார் வருகிறார்கள் என்றுதான் பார்த்தார்கள். பிடிக்காதவன் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத ஊர் இது. ஊசியா போட்டுக்கொள்வான்?

அண்ணாச்சியிடம் போனேன். கடையில் பேசவில்லை, இதைக் கவனியுங்கள். நாலு பேர் முன்னால் ஒரு கட்சிக்காரரை, "நீங்க சொன்னது தப்பு" என்று சொன்னால், அவர் ஒத்துக்கொள்ளவே முடியாது. அவர் மரியாதை போய்விடும். கடை சாத்துகிற நேரம், ராத்திரி ஒன்பதுக்கு மேல், அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அந்தப் பேனரை எடுத்துருங்க."

"ஏன், எங்க ஆட்சி குடுக்கிற ஊசிக்கு எங்க தலைவர் படம் இருக்கக் கூடாதா?"

"போன ஆட்சியில வேற படம் இருந்தப்ப நீங்க வந்தீங்களா?"

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கோபம்தான். அவர் மனைவி உள்ளேயிருந்து, "அந்தப் புள்ள சொல்றது நியாயம்தான்" என்றார். மறுநாள் காலை பேனர் இல்லை. கரை வேட்டிப் பையன்களையும் காணோம். கீழத்தெருவில் எல்லோரும் மதிக்கிற அங்கன்வாடி டீச்சரையும், மேலத்தெருவில் ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மேனையும் சேர்த்து உட்கார வைத்து, இரண்டு பேருமாக டோக்கன் கொடுக்கும்படி செய்தேன். பஞ்சாயத்துத் தலைவரை வாசலோடு நிறுத்தினேன். அவருக்கு வருத்தம்தான். அடுத்த இரண்டு முகாமிலும் கீழத்தெருவிலிருந்து ஆள் வந்தது.

திண்ணையிலிருந்து நான் எழுந்தபோதுதான் அதைக் கேட்டேன். "அண்ணாச்சி, நீங்க போட்டுட்டீங்களா?" ஊரையே கூப்பிட்டு வரிசையில் நிறுத்திய மனிதர் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க அக்கா, நான் பத்தாங்கிளாஸ் படிக்கும்போது, மூணு புள்ளைக்கு அப்புறம் கு.க. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாக. கேம்ப்பு. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாக. எட்டாம் நாள் சீழ் வச்சு, காய்ச்சல் வந்து செத்துப்போச்சு. உங்க ஆளுக ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல நர்ஸம்மா. கட்சிப் பேச்செல்லாம் கடையில பேசுறது. எனக்கு உங்க பையைப் பாத்தாலே அந்த ஞாபகம்தான்."

அதுவரை இந்தக் கதையை யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. ஊரில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர்க்கிறவளும் நான்தான், ஊசி கொண்டுவருகிறவளும் நான்தான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போட்டபோது, "இது புள்ளை பிறக்காம ஆக்குற ஊசி" என்று வாட்ஸ்அப்பில் பரவி, பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அப்போது அதை வதந்தி என்று தள்ளினேன். வதந்திதான். ஆனால் அது ஊன்றி நிற்க ஒரு மண் இருந்தது, அந்த மண்ணில் எங்கள் துறையின் கையும் இருந்தது.

அன்றைக்கு நான் அவரிடம் ஊசி போடச் சொல்லவில்லை. அக்காவைப் பற்றித்தான் கேட்டேன், பேர் என்ன, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று. ஒரு மணி நேரம் இருக்கும். பத்து நாள் கழித்து அவராகவே வந்தார், வரிசையில் நின்றார். அவர் கேட்ட ஒரே உத்தரவாதம்: "நாளைக்கு வந்து பாப்பீங்களா?" போனேன். அடுத்த மூன்று நாளும் போனேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஊசி போட்ட எல்லோர் வீட்டுக்கும் மறுநாள் போவது என்று வைத்துக்கொண்டேன். நானோ அங்கன்வாடி டீச்சரோ. கையில் பாராசிட்டமால். இரண்டு நிமிஷம் நின்று, காய்ச்சல் எப்படி, கை வலி எப்படி என்று கேட்பது. ஊசிக்கு ஆள் சேர்க்க இதைவிடப் பெரிய பிரச்சாரம் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிறாள் அல்லவா, போட்டுவிட்டு ஓடிப்போகவில்லை, திரும்ப வருகிறாள் என்று.

"ஒண்ணும் ஆகாது" என்ற சொல்லையும் அன்றோடு விட முயன்றேன். நம் எல்லோருக்கும் நாக்கில் ஊறிப்போன சொல் அது. அதற்குப் பதிலாக, "ராத்திரி காய்ச்சல் வரும். கை தூக்க முடியாது. ஒருநாள், சிலருக்கு ரெண்டு நாள் இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது. காய்ச்சல் வந்தவர், "நர்ஸம்மா சொன்னபடியே வந்துச்சு" என்பார். சொல்லாமல் காய்ச்சல் வந்தால், "ஏமாத்திட்டா" என்பார்.

ஆனால் காய்ச்சலைச் சொன்னதும் வேறொரு சிக்கல் வந்தது. பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் கூலி இல்லை. இதற்கு எந்த அறிவியலும் பதில் சொல்லாது. எந்தக் கிழமை மறுநாள் வேலை இல்லையோ அதற்கு முந்தின சாயங்காலம் போட வேண்டும், அவ்வளவுதான். அரசும் இதைத் தாமதமாகக் கண்டுகொண்டது. செப்டம்பர் 12-ஆம் தேதி மாநிலம் முழுக்க மெகா முகாம் போட்டு, 20 லட்சம் என்று இலக்கு வைத்து 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். அதன்பின் வந்த முகாம்களும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில். எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் கறி. பலருக்குக் குடியும் உண்டு. ஊசி போட்டால் இரண்டும் கூடாது என்று ஒரு நம்பிக்கை. கறிக்கும் ஊசிக்கும் பகையில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அக்டோபரில் அமைச்சரே இதைச் சொல்லி முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். கூட்டம் கூடியது. ஜனங்களைத் திருத்துவதைவிடக் கிழமையை மாற்றுவது சுலபம்.

கட்டாயப்படுத்துவது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஊசி போடாவிட்டால் ரேஷன் கிடையாது, நூறு நாள் வேலை கிடையாது என்று எங்கள் பகுதியில் ஒரு அதிகாரி மைக்கில் சொல்லவைத்தார். அப்படி ஒரு உத்தரவே இல்லை. ஒரு வாரம் கூட்டம் வந்தது, கணக்கு ஏறியது. பிறகு என்ன நடந்தது? ஊசி போடாமலே "போட்டாச்சு" என்று மெசேஜ் வர வழி உண்டா என்று என்னிடமே கேட்டார்கள். அண்ணன் போட்ட ஊசியைத் தம்பி நம்பரில் ஏற்றச் சொன்னார்கள். பயந்து வந்தவர்கள் முதல் டோஸோடு நின்றார்கள், இரண்டாவதுக்கு வீட்டுக்குப் போனால் பின்கதவு வழியாக ஓடினார்கள். நீலகிரியில் ஊசி போட்டால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்றார்கள், மதுரையில் டிசம்பரில் ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதி இல்லை என்றார்கள். நோக்கம் நல்லது, ஆபத்தும் உண்மை. ஆனால் 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் ஊசி போட்டுக்கொள்ளும்படி கட்டாயப்படுத்த முடியாது, பக்கவிளைவுத் தகவல்களைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது, அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏனென்றால் அதில் நானும் தவறியிருந்தேன்.

அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

2021 மே 17-ஆம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. கோவிஷீல்டு போட்டவர்களில் மிக மிக அரிதாக ரத்தக்கட்டு வரலாம், இந்தியாவில் 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவில் பார்த்திருக்கிறோம் என்று. ஊசி போட்ட 20 நாளைக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம், விடாத தலைவலி, தோலில் சிவப்புப் புள்ளி வந்தால் உடனே சொல்லுங்கள் என்று பட்டியலும் இருந்தது. நான் படித்தேன். ஊருக்குச் சொல்லவில்லை. சாவு விழுந்துகொண்டிருந்த வாரம் அது. இதையும் சொன்னால் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று நானே முடிவு பண்ணினேன். பிறகு காய்ச்சலைச் சொன்ன வாயும், இதை மட்டும் மூடிக்கொண்டது.

2024 ஏப்ரல் கடைசியில், அந்த மருந்தை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா நிறுவனமே இங்கிலாந்து நீதிமன்றத்தில் அந்த அரிய விளைவை ஒத்துக்கொண்டதாக எல்லா டிவியிலும் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அரசே சொன்ன விஷயம், புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் ஓடியது. தேர்தல் நேரம் வேறு, கட்சிகள் விடுமா? ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னைத் தேடி அண்ணாச்சி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன். சொன்னா நீங்க யாரும் வர மாட்டீங்கன்னு. சொல்லியிருக்கணும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆபத்து பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள்தான், இத்தனை வருஷம் கழித்து அதற்காக அவர் பயப்பட வேண்டியதில்லை என்று. 10 லட்சத்தில் ஒன்றுகூட முழுதாக வராத கணக்கையும், 5,000 பேர் உள்ள எங்கள் ஊர்களில் ஒரே மாசத்தில் பதினோரு பேர் போனதையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அன்னைக்கே காட்டியிருந்தாலும் நான் போட்டிருப்பேன்" என்றார். கோபம் தீர்ந்து போனார் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு வருஷம் கடைப் பக்கம் போனால் என்னோடு அதிகம் பேசவில்லை.

2025 மார்ச்சில் மாநில பட்ஜெட்டில், 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் அதே பழைய பேச்சு கிளம்பிவிட்டது, புள்ளை பிறக்காமல் பண்ணத்தான் என்று. ஒரு சாயங்காலம் அண்ணாச்சி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், அந்த அக்காவின் பேரைத்தான் இவளுக்கு வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க நர்ஸம்மா. இதுல என்னென்ன ஆகும்கிறதை முதல்ல எழுதுங்க. நல்லதைக் கடைசில எழுதுங்க. புள்ளையும் படிக்கட்டும்."